ஆட்டுக் கண்ணில் ஆப்சின் தேடல்

திருவண்ணாமலையில் இருந்தபடி விழித்திரை ஆய்வு செய்ய நினைப்பவர் முதலில் ஒரு கறிக்கடைக்காரரைப் பழக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பொருள், ஒளிரும் சாயம், நுண்ணோக்கி எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. ஆய்வக எலி வளர்க்க இடமும் அனுமதியும் இல்லாத சிறு ஊர்க் கல்லூரிகளுக்கு வெள்ளாட்டுக் கண்ணைப் போல வசதியான பொருள் வேறில்லை. அது பெரியது, மலிவானது, கையாளச் சுலபமானது. அதன் கூம்பு செல்கள் எந்த நிற ஒளிக்கு அதிகம் இசைகின்றன என்பதும் அளந்து பதிப்பிக்கப்பட்டிருக்கிறது.

இந்த இயல் முதுநிலை விலங்கியல், உயிர்வேதியியல் மாணவர்களுக்கும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும் எழுதப்பட்டது. ஒளியை உணரும் ஆப்சின் புரதங்களை, ஒளிரும் சாயம் கோத்த எதிர்ப்பொருளைக் கொண்டு விழித்திரையில் அடையாளம் காண்பதே இங்கே செய்யப்போகும் வேலை. எதிர்ப்பொருள் என்று பாடநூல் சொல்வதை ஆய்வகத்தில் எல்லோரும் ஆன்டிபாடி என்றுதான் சொல்கிறார்கள். முதலில் இடுவது பிரைமரி, அதன்மேல் இடுவது செகண்டரி. நானும் அப்படியே எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம்

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவரின் கண்ணில் இரண்டு வகைச் செல்களும் வேலை செய்கின்றன. முழுநிலவின் வெளிச்சம் ஒரு லக்ஸ் கூட வராது. அந்த மங்கலில் கோல் செல்கள் வழிகாட்ட, கூம்பு செல்கள் கொஞ்சம் நிறத்தையும் எடுத்துக் கொடுக்கின்றன. (பாதை நெடுக விளக்கு போட்டபிறகு கோல் செல்களுக்கு அங்கே வேலை குறைந்துவிட்டது என்பது வேறு கதை.) கோல் செல்லில் இருக்கும் ஒளிவாங்கி ரொடாப்சின். கூம்பு செல்லில் இருப்பவை கூம்பு ஆப்சின்கள்.

1876-இல் ஃபிரான்ஸ் போல் தவளையின் விழித்திரை இருட்டில் சிவந்திருப்பதையும் வெளிச்சத்தில் வெளிறுவதையும் கண்டார். அந்தச் சிவப்புதான் ரொடாப்சின். மாட்டு ரொடாப்சினில் 348 அமினோ அமிலங்கள் உண்டு. புரதச் சங்கிலி செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்கிறது. 296-ஆம் இடத்து லைசினில் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினல் மூலக்கூறு கோத்திருக்கிறது. ஒளி பட்டால் உருமாறுவது அந்த ரெட்டினல். இதைக் கண்டு சொன்னதற்காகவே ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆன்டிபாடி பிடித்துக்கொள்வது புரதத்தை. ரெட்டினல் இருந்தாலும் போனாலும் அதற்குக் கவலையில்லை. ஆகவே கண்ணை இருட்டறையில், சிவப்பு விளக்கில் அறுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. பட்டப்பகலில் வெளிறிப்போன விழித்திரையிலும் ரொடாப்சின் கறை நன்றாகவே விழும். ஆனால் ஆப்சினோடு சேர்ந்து இயங்கும் அரெஸ்டின், டிரான்ஸ்டியூசின் புரதங்களையும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் கதை மாறும். வெளிச்சத்தில் அரெஸ்டின் கோல் செல்லின் வெளித்துண்டுக்கு ஓடும், டிரான்ஸ்டியூசின் அங்கிருந்து உள்ளே இறங்கும். அப்போது ஆடு வெட்டப்பட்ட நேரத்தையும் வெளிச்சத்தையும் குறித்துவைக்காத ஸ்லைடு பயனற்றது.

வெள்ளாட்டுக்கு இரண்டு கூம்பு ஆப்சின்கள். 1998-இல் ஜேக்கப்ஸ் குழுவினர் மாடு, வெள்ளாடு, செம்மறி மூன்றையும் அளந்தார்கள். வெள்ளாட்டில் குறுகிய அலைநீளக் கூம்பின் உச்சம் சுமார் 443 நானோமீட்டர், நீண்ட அலைநீளக் கூம்பின் உச்சம் சுமார் 553 நானோமீட்டர். நமக்கு மூன்று. அதில் சிவப்பு, பச்சைக் கூம்புகளின் ஆப்சின்கள் 364 அமினோ அமிலங்களில் 15 இடங்களில் மட்டுமே வேறுபடுகின்றன. இதனால்தான் சந்தையில் கிடைக்கும் சிவப்பு–பச்சை ஆப்சின் ஆன்டிபாடி இரண்டையும் ஒன்றாகவே கறைப்படுத்தும். மனித விழித்திரையில் சிவப்புக் கூம்பைத் தனியாகக் காட்டிவிட்டேன் என்று யாராவது ஆன்டிபாடி படத்தை நீட்டினால் சந்தேகப்படுங்கள்.

மெலனாப்சினை இந்த இயலில் தொடவில்லை. 1998-இல் தவளைத் தோலின் நிறமிச் செல்லில் முதலில் பிடிபட்டு, பிறகு விழித்திரையின் நரம்பணுச் செல்கள் சிலவற்றில் கண்டறியப்பட்ட புரதம் அது. அச்செல்கள் மிகச் சில. மெல்லிய சீவலில் அகப்படுவது அபூர்வம். விழித்திரையை முழுதாக விரித்துக் கறைப்படுத்தினால்தான் ஒழுங்காகத் தெரியும்.

கண் வாங்குவது

கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "அண்ணே, தலையை வாட்டறதுக்கு முன்னாடி கண்ணை எடுத்துக் கொடுங்க." தலையையும் காலையும் தீயில் வாட்டி மயிர் நீக்கித்தான் விற்பார்கள். வாட்டிய தலையில் இருக்கும் கண் பாதி வெந்த கண். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. சீவிக் கறைப்படுத்திய பிறகே, அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கைவைக்க வேண்டிவரும்.

ஞாயிறு விடியற்காலையில் கண் நிறையக் கிடைக்கும். ஆனால் கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. வாரநாளில் போய்ப் பழகிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாங்குவது நல்லது. திருவள்ளுவர் தினம், மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கடை இருக்காது. புரட்டாசியில் வெட்டே குறைவு. ஆய்வுத் திட்டத்தின் நாட்காட்டியில் இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல, ஆன்டிபாடி ஜெல் ஐஸ் பெட்டியில் கூரியரில் வரும். பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தை ஒட்டியும் ஊருக்குள் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் பெட்டி வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள்.

ஃபார்மால்டிஹைடைக் கறிக்கடைக்குக் கொண்டுபோகவே கூடாது. அது விஷம், அங்கே விற்பது உணவு. குளிர்ந்த பாஸ்பேட் பஃபர் ஊற்றிய டப்பாவில் கண்ணை வைத்து, சுற்றிலும் ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள். ஐஸ் கண்ணில் நேரடியாகப் படக் கூடாது, பட்டால் உறைந்து செல் கிழியும். வெட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அறுத்துவிட முடிந்தால் நல்லது. மே மாதத்து வெயிலில் தாமதித்தால் கோல் செல்லின் வெளித்துண்டு உதிரத் தொடங்கும். அப்படி உதிர்ந்த விழித்திரையில் ரொடாப்சின் ஒளி அங்கங்கே சிதறித் தெரியும். விழித்திரை நோய் பற்றிப் படித்துவிட்டு வரும் மாணவர் அதை நோயின் அறிகுறி என்று எழுதிவிடுவார். கெட்டுப்போன கண்ணுக்கும் நோயுற்ற கண்ணுக்கும் வேறுபாடு தெரிய வேண்டுமானால், வேண்டுமென்றே ஒரு கண்ணை நான்கு மணி நேரம் வெளியே வைத்து, அதையும் சேர்த்துக் கறைப்படுத்திப் பாருங்கள். புத்தகத்தில் கிடைக்காத பாடம் அது.

மேல் எது, கீழ் எது

நான் பார்த்த மாணவர் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை கோட்டை விடும் இடம் இது. கண்ணைத் தலையிலிருந்து எடுத்தபின் அது ஓர் உருண்டை. எந்தப் பக்கம் மேல் என்று குறிக்காமல் எடுத்த உருண்டையில் கூம்பு ஆப்சின் கணக்கெடுப்பது வீண்.

காரணம், ஆப்சின்கள் விழித்திரை முழுக்க ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. புடாபெஸ்டைச் சேர்ந்த அகோஷ்டோன் ஸேலும் பால் ரோலிச்சும், கோழி விழித்திரையைக் கொண்டு உருவாக்கிய ஆன்டிபாடிகளைப் பல பாலூட்டிகளில் சோதித்தார்கள். காஸ்-1 நீண்ட அலைநீளக் கூம்பையும் ஓஎஸ்-2 குறுகிய அலைநீளக் கூம்பையும் காட்டியது. சுண்டெலியில் 1992-இல் அவர்கள் பதிப்பித்த முடிவு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது: விழித்திரையின் மேல்பாதியில் ஒரு வகை, கீழ்பாதியில் மற்றது ஓங்கியிருந்தது. திசை குறிக்காமல் சீவியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

வெள்ளாட்டில் திசை பிடிப்பது சுலபம். கண்மணி கிடைமட்டமாக நீண்டிருக்கும், ஆகவே கிடைக்கோடு எது என்பது வெளியிலிருந்தே தெரியும். உள்ளே, பின்சுவரில் நீலப்பச்சையாக மினுங்கும் படலம் ஒன்று உண்டு. இரவில் ஆட்டின் கண் பளபளப்பது இதனால்தான். டப்பீட்டம் எனப்படும் இந்தப் படலம் பார்வை நரம்பு நுழையும் வட்டத்துக்கு மேல்பக்கம் இருக்கும். இவ்வளவு உதவி இருந்தாலும், கண்ணை எடுக்கும்போதே பன்னிரண்டு மணித் திசையில் வெண்கோளத்தில் ஒரு தையல் நூல் போட்டுவிடுங்கள். வலதா இடதா என்பதை டப்பாவின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

இந்த மினுங்கும் படலம் ஒரு தொல்லையும் தரும். அது நார்ப்புரதத்தால் ஆனது, பச்சைச் சேனலில் தானாகவே ஒளிரும். அதன்மேல் அமைந்த நிறமிப் படலத்தில் நிறமியும் இல்லை. எனவே மேல்பகுதியின் படங்களில் விழித்திரைக்கு வெளியே தெரியும் பச்சை ஒளியை ஆப்சின் என்று எண்ணிவிடக் கூடாது.

பதப்படுத்துதல்

கருவிழியின் விளிம்பைச் சுற்றி வெட்டி, லென்ஸை எடுத்துவிட்டு, விட்ரியஸ் கூழை வடிதாளால் ஒற்றி மெல்ல இழுங்கள். அது தங்கினால் சீவும்போது விழித்திரை மடிந்துகொள்ளும். பிறகு மேலிருந்து ஒன்று, நரம்பு வட்டத்தின் பக்கத்திலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என 5 மில்லிமீட்டர் சதுரத் துண்டுகளை, பின்சுவரோடு சேர்த்தே வெட்டி எடுங்கள்.

0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு, பி.எச். 7.4, ஐஸ்மேல் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். தூளிலிருந்து அன்றே கரைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் ஃபார்மலினில் மெத்தனால் கலந்திருக்கும். இரவெல்லாம் ஊறவிட்டால் உறுதியாக இருக்கும் என்று சிலர் விட்டுவிடுவதுண்டு. திசு உறுதியாக இருக்கும், ஆனால் ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடங்கள் மூடிப்போகும்.

பிறகு 10, 20, 30 சதவீதச் சுக்ரோஸ் கரைசல்களில் துண்டு அடியில் அமிழும்வரை, குளிர்பெட்டியில். ஓ.சி.டி. பசையில் பதித்து உறையவைத்து, கிரையோஸ்டாட்டில் மைனஸ் 20 டிகிரியில் 12 முதல் 16 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவுங்கள். உறையவைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். எங்கே கிடைக்கும் என்று திகைக்க வேண்டாம். கால்நடைத் துறையினர் மாட்டுக்குப் போடும் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருக்கிறார்கள். எங்கிருந்து நிரப்புகிறார்கள் என்று விசாரித்தால் உங்களுக்கும் வழி கிடைத்துவிடும். கிரையோஸ்டாட்டே இல்லாத கல்லூரி மெழுகில் பதித்துச் சீவலாம். அப்போது சிட்ரேட் பஃபரில், பி.எச். 6, சுமார் 95 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்கி, மூடிய இடங்களைத் திறக்க வேண்டியிருக்கும்.

எந்த விலங்கில் உருவான ஆன்டிபாடி

ஒளிரும் ஆன்டிபாடி என்ற யோசனை ஆல்பர்ட் கூன்ஸுடையது. 1941-இல் ஹார்வர்டில், நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபாடியில் நீலமாக ஒளிரும் ஆந்திரசீன் சாயத்தைக் கோத்தார். திசுக்களே நீலமாகத் தாமாக ஒளிர்வதால் எது சாயம், எது திசு என்று பிரிக்க முடியவில்லை. மறு ஆண்டே பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீனுக்கு மாறினார். திசு தானாக ஒளிர்வது இன்றும் நமக்குத் தலைவலிதான்.

இப்போது பெரும்பாலும் சாயத்தைப் பிரைமரியில் கோப்பதில்லை. பிரைமரி ஆப்சினைப் பிடிக்கிறது. சாயம் கோத்த செகண்டரி, பிரைமரியைப் பிடிக்கிறது. பிரைமரி சுண்டெலியில் உருவானதானால், செகண்டரி சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிப்பதாக இருக்க வேண்டும். ஆட்டுக் கண்ணோடு வேலை செய்பவர் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. வெள்ளாட்டில் உருவாக்கிய பிரைமரியை வாங்கி, ஆட்டு ஆன்டிபாடியைப் பிடிக்கும் செகண்டரியை அதன்மேல் இட்டால், அந்தச் செகண்டரி ஆட்டின் சொந்த ஆன்டிபாடிகளையும் பிடித்துக்கொள்ளும். இரத்தக்குழாய், திசு இடுக்கு என எல்லாம் ஒளிரும். செம்மறிக் கண்ணிலும் இதே கதைதான், இரண்டின் ஆன்டிபாடிகளும் அவ்வளவு நெருக்கம்.

பழைய ஆய்வுக் கட்டுரைகளில் நீல ஆப்சினுக்குச் சான்டா குரூஸ் நிறுவனத்தின் வெள்ளாட்டு ஆன்டிபாடியைப் பயன்படுத்தியிருப்பதைப் பார்ப்பீர்கள். விலங்குநலச் சட்ட மீறல் வழக்கில் 2016-இல் அமெரிக்க வேளாண் துறையோடு 35 லட்சம் டாலர் அபராதத்துக்கு அந்த நிறுவனம் உடன்பட்டது. விலங்கு வைத்து ஆன்டிபாடி எடுக்கும் உரிமத்தையும் விட்டுக்கொடுத்தது. ஆகவே பழைய கட்டுரையின் பொருள் பட்டியலை அப்படியே ஆர்டர் செய்ய முடியாது. ஆட்டுக் கண் ஆய்வாளருக்கு அது கிடைக்காமல் போனதில் நட்டம் ஒன்றும் இல்லை.

என் பரிந்துரை இது. ரொடாப்சினுக்குச் சுண்டெலி மோனோகுளோனல் 1டி4. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மோல்டேயின் ஆய்வகத்தில் உருவானது. மாட்டு ரொடாப்சினின் கடைசி ஒன்பது அமினோ அமிலங்களைப் பிடிக்கும். கூம்பு ஆப்சின்களுக்கு முயலில் உருவான ஏபி5405 (சிவப்பு–பச்சை), ஏபி5407 (நீலம்). இரண்டும் முயல் என்பதால் ஒரே சீவலில் இரண்டையும் இட முடியாது, அடுத்தடுத்த சீவல்களில் இடுங்கள். வாங்கும் முன் யூனிபுரோட் தரவுத்தளத்தில் வெள்ளாட்டு ஆப்சினின் வரிசையை எடுத்து, ஆன்டிபாடி பிடிக்கும் துண்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. ஆன்டிபாடியோ பல ஆயிரம் ரூபாய். விற்பவரின் அட்டையில் ஆடு என்று எழுதியிருக்காது. மனிதன், எலி, மாடு என்றுதான் இருக்கும்.

ஆன்டிபாடி வந்ததும் 10 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்தால் மொத்தமும் கெடும், பிரித்து வைத்தால் இழப்பு குறைவு. தானாகப் பனி நீக்கும் ஃபிரிட்ஜின் உறைபெட்டியும் வேண்டாம், அது நாளுக்குச் சில முறை சூடேறி இறங்கும்.

கறைப்படுத்தும் நாள்

சீவலைப் பி.பி.எஸ். கரைசலில் கழுவி, 5 முதல் 10 சதவீதச் சீரமும் 0.3 சதவீத ட்ரைட்டன் எக்ஸ்-100-உம் கலந்த கரைசலில் ஒரு மணி நேரம் வையுங்கள். செகண்டரி எந்த விலங்கில் உருவானதோ அந்த விலங்கின் சீரம். பிறகு பிரைமரி, குளிர்பெட்டியில் இரவு முழுதும். மூடி இறுகும் டிபன் பாக்ஸில் ஈரத் தாள் விரித்து ஸ்லைடுகளை வைத்தால் காயாது. விலை உயர்ந்த ஈரப்பெட்டி வாங்கத் தேவையில்லை.

எவ்வளவு நீர்க்க வேண்டும் என்பதை அட்டையில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 100 மடங்கு, 300, 1000, 3000 என நான்கு ஸ்லைடு போட்டுப் பாருங்கள். ரொடாப்சின் விழித்திரையில் ஏராளமாக இருக்கும் புரதம், அதிக நீர்ப்பிலும் பளிச்சென்று தெரியும். கெட்டியாக இட்டால் ஒளி வழிந்து, பக்கத்து அடுக்குகளிலும் இருப்பதுபோல் தோன்றும்.

காலையில் பி.பி.எஸ்-இல் பத்து நிமிடம் வீதம் மூன்று முறை கழுவி, செகண்டரி 500 மடங்கு நீர்த்து, ஒரு மணி நேரம் இருட்டில். ஆலெக்சா 488 பச்சைக்கு, 594 சிவப்புக்கு. உட்கருவுக்கு டாப்பி ஐந்து நிமிடம். ஒளி மங்காத மவுண்டிங் திரவம், மேலே கவர் ஸ்லிப், ஓரத்தில் நகப்பூச்சு. நிறமற்ற நகப்பூச்சாகப் பார்த்து வாங்குங்கள், சில வண்ணப் பூச்சுகள் தாமே ஒளிரும்.

மல்லாட்டையின் உதவி

நம் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் விளையும் மல்லாட்டைக்கும் கூம்பு செல்லுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நிலக்கடலைப் பருப்பில் லெக்டின் என்ற வகையைச் சேர்ந்த புரதம் ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தில் பி.என்.ஏ. என்பார்கள். அது ஆன்டிபாடி அல்ல. குறிப்பிட்ட ஒரு சர்க்கரை இணையை, கேலக்டோஸ் நுனியில் அமைந்ததை, தேடிப் பிடிக்கும். கூம்பு செல்லைச் சுற்றியிருக்கும் உறையில் அந்தச் சர்க்கரை திறந்து நிற்கிறது, கோல் செல்லைச் சுற்றியுள்ளதில் அப்படி இல்லை. 1980-களிலிருந்தே விழித்திரை ஆய்வாளர்கள் கூம்பை மட்டும் தனியே காட்ட இந்தக் கடலைப் புரதத்தை நம்பியிருக்கிறார்கள்.

இந்தப் புரதத்தின் முப்பரிமாண அமைப்பைத் தீர்த்ததும் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்தாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மா. விஜயன், அ. சுரோலியா ஆகியோரின் குழு 1994-இல் அதன் படிக அமைப்பை வெளியிட்டது. நான்கு ஒரே மாதிரித் துணைப் புரதங்கள் சேர்ந்தும், நான்குக்கு வழக்கமாக எதிர்பார்க்கும் சமச்சீர் அதில் இல்லை என்பதே உலகம் கவனித்த செய்தி.

நமக்கு நடைமுறைப் பயன் என்ன? பி.என்.ஏ. எந்த விலங்கிலும் உருவானதல்ல. ஆகவே சுண்டெலியா, முயலா, ஆடா என்ற சிக்கல் அதற்கு இல்லை. சாயம் கோத்தே கிடைக்கும், செகண்டரியோடு சேர்த்து இட்டால் போதும். 1டி4 பச்சையில் ரொடாப்சின், முயல் ஆன்டிபாடி சிவப்பில் கூம்பு ஆப்சின், ஆலெக்சா 647 சாயம் கோத்த பி.என்.ஏ-வில் கூம்பின் உறை என மூன்றும் ஒரே சீவலில் வரும். கூம்பு ஆப்சின் என்று நீங்கள் சொல்லும் சிவப்பு, கூம்பு உறைக்குள் இல்லாவிட்டால் அது ஆப்சின் அல்ல. இப்படி ஒரு சாட்சி பக்கத்திலேயே நிற்பது பெரிய வசதி. ஒரு ஸ்லைடில் மட்டும் பி.என்.ஏ-வை 0.2 மோலார் கேலக்டோஸ் கலந்து இடுங்கள். கறை மறைய வேண்டும். மறையாவிட்டால் அது வேறெதையோ பிடித்திருக்கிறது.

அப்படியென்றால் கடலையை அரைத்து நாமே எடுக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். எடுக்கலாம், சர்க்கரை கோத்த பத்தியில் வடித்துப் பிரிப்பது நல்ல உயிர்வேதியியல் பயிற்சி. ஆனால் சாயம் கோத்துத் தரப்படுத்துவது வேறு வேலை. கறைப்படுத்த வாங்கியதையே பயன்படுத்துங்கள்.

எது உண்மையான ஒளி

ஸ்லைடில் ஒளி தெரிந்துவிட்டது என்பது எதையும் நிரூபிக்காது. எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று கேளுங்கள். ரொடாப்சின் கோல் செல்லின் வெளித்துண்டு அடுக்கில் அகன்ற பட்டையாக வர வேண்டும். உள்ளடுக்குகளில் வரக் கூடாது. கூம்பு ஆப்சின் அதே மட்டத்தில், ஆனால் இடைவெளி விட்டுத் தனித்தனியே நிற்க வேண்டும். நீலக் கூம்பு அவற்றிலும் குறைவாக இருக்கும்.

நிறமிப் படலத்துக்குள் ரொடாப்சின் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கோல் செல்லின் வெளித்துண்டு தினமும் பத்தில் ஒரு பங்கு நுனியில் உதிர்கிறது, அதை நிறமிப் படலம் விழுங்குகிறது. ரிச்சர்ட் யங் 1960-களில் இதைக் காட்டினார். உதிர்வு விடிந்தவுடன் அதிகம், நம் கடையில் வெட்டும் நேரமும் விடியல்தான்.

பிரைமரி இல்லாத ஸ்லைடு ஒன்று ஒவ்வொரு தடவையும் கட்டாயம். அதோடு, பிரைமரிக்குப் பதிலாக அதே விலங்கின் சாதாரண ஆன்டிபாடி அதே அளவில் ஒன்று. அதே ஆட்டின் ஈரல் ஒரு துண்டு ஒன்று, ஈரலில் ஆப்சின் கறை விழக் கூடாது. எதுவும் இடாத வெறும் சீவல் ஒன்று, தானாக ஒளிர்வது எவ்வளவு என்று பார்க்க. பணம் போதவில்லை என்று இவற்றை விட்டுவிடுவதைவிட ஓர் ஆன்டிபாடியைக் குறைத்துக்கொள்வது மேல்.

வெஸ்டர்ன் பிளாட் செய்து உறுதிசெய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஆப்சின் மாதிரியைக் கொதிக்க வைக்காதீர்கள். பாடநூல் முறைப்படி 95 டிகிரியில் வைத்தால் புரதம் திரண்டு ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும். அறை வெப்பத்தில் கரைத்து ஓட்டினால் 40 கிலோடால்டனுக்குச் சற்றுக் கீழே பட்டை வரும், இரட்டையாக ஒட்டிய இன்னொன்று மேலேயும் தெரியலாம்.

மனிதக் கண் வேண்டுமென்றால்

ஆட்டில் கை பழகியபின் மனித விழித்திரைக்குப் போக ஆசை வரும். அதற்கு வழி கண் வங்கிதான். 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1978-இல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் தமிழகத்தில் கண் மருத்துவத்தோடு ஆய்வையும் வளர்த்தவை. டெல்லி எய்ம்ஸில் தபஸ் சந்திர நாக், சசி வாத்வா ஆகியோர் மனித விழித்திரையின் வளர்ச்சியை ஆன்டிபாடி கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களது கட்டுரைகளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு துண்டும் தொடக் கூடாது. ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு அடிப்படை.

தானமாக வரும் கண்கள் பெரும்பாலும் முதியவர்களுடையவை. அவர்களது நிறமிப் படலத்தில் லிப்போஃபசின் எனும் மஞ்சள் கழிவு சேர்ந்திருக்கும், பச்சையிலும் சிவப்பிலும் தானாக ஒளிரும். 70 சதவீத ஆல்கஹாலில் 0.1 சதவீதச் சூடான் பிளாக் இட்டால் பெருமளவு அடங்கும். முக்கியமான புரதத்துக்கு 647 சாயத்தை ஒதுக்குவது இன்னும் நல்லது.

படம் எடுப்பது

சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியே தொடக்கத்துக்குப் போதும். பாதரச விளக்கானால் ஒருமுறை அணைத்தபின் ஆறும்வரை மறுபடி ஏற்றக் கூடாது, சுமார் 200 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். மின்சாரம் வந்து வந்து போகும் இடத்தில் யு.பி.எஸ். இல்லாமல் அதைத் தொடாதீர்கள். எல்.இ.டி. விளக்கு கிடைத்தால் அதுவே நமக்கு ஏற்றது.

கேமராவின் தானியங்கி ஒளியளவை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பிரைமரி இல்லாத ஸ்லைடையும் பளிச்சென்று காட்டிவிடும். கறைப்படுத்திய ஸ்லைடில் எவ்வளவு நேரம் வைத்தீர்களோ, அதே நேரம்தான் கன்ட்ரோலுக்கும். மூலக் கோப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டு நகலில்தான் திருத்தம். ஆய்வேட்டில் படத்தின் கீழே ஆட்டின் பாலினம், தோராய வயது, வெட்டிய நேரம், மேலா கீழா, ஆன்டிபாடியின் எண்ணும் லாட் எண்ணும் நீர்ப்பும் எழுதுங்கள்.

கன்ஃபோக்கல் வேண்டுமென்றால் வேலூர், புதுச்சேரி, சென்னை என்று முன்பதிவு செய்து போக வேண்டியிருக்கும். ஸ்லைடு பெட்டியை அலுமினியத் தாளில் சுற்றி, ஜெல் ஐஸோடு தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மூடிக்குப் பக்கத்திலும் வெயில் அடிக்கும் மேல் பரணிலும் வேண்டாம். கன்ட்ரோல் ஸ்லைடுகளையும் கூடவே எடுத்துப் போங்கள், அவற்றை வேறொரு நாளில் வேறொரு கருவியில் எடுத்தால் ஒப்பிட முடியாது. 488 சாயம் வாரக்கணக்கில் தாங்கும், 647 அவ்வளவு தாங்குவதில்லை. பதிவு கிடைத்த தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கறைப்படுத்தி முடிக்கும்படி கணக்குப் போட்டுக் கண் வாங்குங்கள்.